நாற்றமெடுத்த ஊர்

2003 அக்டோபரில் ஜெர்மனியின் ஆகன் நகரத்திலிருந்து வீட்டுக்கு நான் எழுதிய முதல் கடிதத்தில் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஊரே அழுகின முட்டை வாசம் என்றுதான் இருந்தது.

நகரத்து நடுவில் எலிசன்புருன்னன் என்று தூண் வைத்த மண்டபம். அங்கே ஐம்பது டிகிரிக்கு மேல் சுடும் கந்தகத் தண்ணீர் குழாயில் கொட்டிக்கொண்டே இருக்கும். ரோமானியர் குளித்த ஊற்று, சார்லமேன் பேரரசர் இந்த வெந்நீருக்காகவே இங்கே வந்து தங்கினார் என்று உடன் படித்த ஜெர்மன்காரன் பெருமையடித்தான். நான் விடுவேனா? "எங்க பெருந்துறையில காத்துக்காகவே ஆஸ்பத்திரி கட்டியிருக்காங்க" என்றேன். பொய்யில்லை. வறண்ட சுத்தமான காற்று காசநோய்க்கு மருந்து என்று நம்பிய காலத்தில் எழுந்ததுதான் எங்கள் சானடோரியம். இன்று அங்கே மருத்துவக் கல்லூரி நடக்கிறது. பஸ்ஸில் கேட்டால் இப்போதும் சானடோரியம் ஸ்டாப்தான்.

அடுத்தடுத்த கடிதங்களிலும் குறைதான். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கச் சட்டமே இடம் கொடுக்காது. தீபாவளியன்றும் மளிகைக்கடைப் பின்கதவைத் தட்டிப் பழகியவன், பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தேன். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டு. பெரிய பெரிய மனுசரெல்லாம் காலி பாட்டிலைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய்க் காசு வாங்குகிறார்கள். பழைய இரும்பு வியாபாரம் தெரிந்த நம்மாள் ஒருத்தர் அங்கே போனால் ஆறே மாதத்தில் வீடு கட்டிவிடுவார் என்று அப்பாவுக்கு எழுதினேன். அதே ஏற்பாடு 2022இல் நீலகிரி டாஸ்மாக் கடைகளுக்கு வந்தது: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல், திருப்பித் தந்தால் வாபஸ். நாகரிகம் நம்மை எந்த வாசல் வழியாக எட்டும் என்று யாருக்குத் தெரியும்!

இடையில் பெருந்துறையும் சும்மா இருக்கவில்லை. தொழிற்பேட்டையில் சாயப்பட்டறையும் தோல் தொழிற்சாலையும் வந்தன. ராத்திரி காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்துகிறோம். ஆகன் நாற்றமாவது பூமிக்கடியிலிருந்து தானாக வருவது. எங்களுடையது வேலைவாய்ப்போடு சேர்ந்து வந்தது. சுற்றுவட்டாரத்தில் போர் தண்ணீர் கெட்டுப்போச்சு என்று விவசாயிகள் மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டார்கள். நான் குடிப்பது கேன் தண்ணீர்.

இப்போது தங்கை மகன் அதே பல்கலைக்கழகத்துக்குக் கிளம்புகிறான். படித்த சான்றுகள் நிஜம்தான் என்று சரிபார்த்துத் தரும், என் காலத்தில் இல்லாத ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்கியாயிற்று. விசாவுக்காக ஒரு வருஷச் செலவுப் பணம் 11,904 யூரோவை வங்கியில் முடக்கி வைத்தாயிற்று. மாதம் 992 மட்டும் எடுக்கலாம். படிப்புக் கட்டணம் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. விடுதியிலிருந்து வகுப்புக்குப் போகும் தெருவை யூடியூபில் ஏற்கெனவே நடந்து முடித்துவிட்டான். எலிசன்புருன்னன் வாசத்தைக்கூட யாரோ ஒரு பையன் மூக்கைச் சுளித்துக் காட்டிவிட்டானாம். கடிதம் எழுத இவனுக்கு என்ன மிச்சம்?

தங்கைக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. பெட்டியில் மஞ்சள்தூளைத் திணித்துக்கொண்டே கேட்டாள்:

"அங்க தண்ணி எப்படீங்ணா?"

"குழாயில வர்றதையே குடிக்கலாம், அம்மிணி."

"கேனே வாங்க வேண்டாமுங்ளா?"

"வேண்டாம்."

"அப்ப மாசம் 992 எதுக்குங்ணா? கொஞ்சம் கொறைச்சுக் கட்டியிருக்கலாமே!"