பானெட் திறந்த பெருமை

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்கள் கூடும் இடத்தில் எடுக்கும் படங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. புல்வெளி, மழைக்குக் காத்திருக்கும் வானம், வரிசையாக எம்.ஜி.பி., டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி. அத்தனைக்கும் பானெட் திறந்திருக்கும். பெருமைக்காகத் திறந்தது எது, கோளாறுக்காகத் திறந்தது எது என்பதை உரிமையாளரின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அடியில் ஆயில் சொட்டினால் பதற வேண்டாம். சொட்டாவிட்டால்தான் உள்ளே ஆயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமாம்.

1961இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப், மணிக்கு 150 மைல் பறக்கும் என்று பெயர் வாங்கியது. இன்று அதுவே சில சமயம் டிரெய்லரில் ஏறி வருகிறது. டிரெய்லர் இழுக்கும் வண்டி நெடுஞ்சாலையில் 60 மைலைத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

இந்தக் கார்களுக்கு மின்சாதனம் செய்து கொடுத்த லூகாஸுக்கு ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் ‘இருளின் இளவரசர்’. சந்திப்புகள் பகலிலேயே முடிந்துவிடுவதில் வியப்பில்லை.

அரசுக்கும் பழமை மீது பரிவுதான். பெரிய மாற்றம் செய்யாத, 40 வயது கடந்த கார்களுக்கு 2018 முதல் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. மூன்று வயதுக் கார் மட்டும் வரிசையில் நின்று சான்றிதழ் வாங்க வேண்டும்.

“ஓட்டிப் பார்த்தால்தான் அருமை தெரியும்” என்று படத்துக்குக் கீழே எழுதுகிறார்கள். தள்ளிப் பார்த்தவர்களின் கருத்தை யாரும் கேட்பதில்லை.