கோடைத் தின்பண்டங்களின் மிச்சவியல்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து

தின்பண்டங்களைச் சுவையாலும் சத்தாலும் பக்குவ முறையாலும் வகைப்படுத்துவதே சமையல் நூலோரின் வழக்கம். பெரியவர்கள் சமைத்துப் பெரியவர்கள் உண்ணும் பண்டங்களுக்கு அது பொருந்தலாம். பள்ளி விடுமுறையில் சிறுவர்கள் தாமே செய்து தாமே தின்பவற்றுக்கு அறவே பொருந்தாது. அவற்றைத் தின்று முடித்தபின் கையில் எஞ்சுவது எது, அதைக்கொண்டு என்ன ஆடலாம் என்ற கேள்வியால் மட்டுமே அவற்றைத் தரம் பிரிக்க இயலும் என்பது இக்கட்டுரையின் துணிபு. எஞ்சிய பொருளையும் அதன் ஆட்டத்தையும் ஆராயும் இத்துறை, வேறு நல்ல பெயர் கிடைக்கும் வரையில், மிச்சவியல் என வழங்கப்பெறும்.

ஆய்வுக்குரிய நிலத்தை வரையறுப்பது அவ்வளவு எளிதன்று. வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பிரித்த பகுதிகளைக் கொண்டு 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு போனது. எல்லைக் கிளர்ச்சியின் பயனாகத் திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1இல் அங்கிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. திருப்பதி 2022 ஏப்ரல் 4இல் தனி மாவட்டமானது. இங்கே வரைபடத்தின் பெருமாற்றங்கள் பலவும் ஏப்ரல் முதல் வாரத்தில், அதாவது புளி உலுக்கும் பருவத்தில், நிகழ்வதை வரலாற்றாசிரியர்கள் ஏனோ கவனிக்காமல் விட்டுவிட்டனர். காலத்தைப் பொறுத்தவரை குழப்பமில்லை: ஆந்திரப் பள்ளிகளின் கோடை விடுமுறை வழக்கமாக ஏப்ரல் 24இல் தொடங்கி ஜூன் 11இல் முடிகிறது. கத்திரி வெயிலும், 40 டிகிரியைத் தாண்டும் பகற்பொழுதுகளும், திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையும் இந்த இடைவெளிக்குள் அடங்கும். வேலூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் அத்தை பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் சித்தூர்ப் பக்கத்துப் பாட்டி வீடுகளுக்கு வந்து இறங்குவதும் இப்போதுதான். அவர்களுடைய பைகளில் துணிமணி குறைவாகவும் தொழில்நுட்பம் மிகுதியாகவும் இருக்கும்.

இவ்வட்டாரத்தின் தலையாய கோடைத் தின்பண்டம் புளி உருண்டைக் குச்சியே என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. மாசி பங்குனியில் உலுக்கிய புளி சித்திரையில் திண்ணைக்கு வந்து சேர்கிறது. ஓடு நீக்கி, நார் உருவி, கொட்டை தட்டி, உப்பிட்டுப் பானையில் அடைக்கும் வேலை ஓர் ஆண்டுக் குழம்பையும் ரசத்தையும் தாங்குவதாகையால் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அதற்கு உட்காருவர்; சிறுவர்கள் கூப்பிடாமலே வந்து உட்காருவர். மற்ற நாளில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைக்கச் சொன்னால் காணாமற்போகும் அதே சிறுவர்கள் இந்நாளில் காட்டும் உழைப்பார்வத்தை ஆய்வாளர் ஐயத்தோடு நோக்குவது நலம். மாலையில் எலுமிச்சை அளவு புதுப்புளி கணக்கில் குறையும். அதே நேரத்தில் கொல்லைப்புறத்துச் சிறு உரலில் சத்தம் கேட்கும்.

செய்முறையில் வரிசைதான் உயிர். காய்ந்த மிளகாய் ஒன்று, கல்லுப்பு நாலைந்து பரல், சீரகம் ஒரு சிட்டிகை ஆகியவற்றை முதலில் நுணுக்கிவிட்டுத்தான் புளியை இட வேண்டும். மாற்றிச் செய்தால் மிளகாய் புளிக்குள் சிக்கி நசுங்காமல் வழுக்கும். பிறகு அது யாருடைய உருண்டையில் அகப்படும் என்பது குலுக்கல் முறைக்கு உட்பட்டுவிடும். கடைசியாக விழும் வெல்லம், சித்தூர்ச் சந்தையின் கருத்த வெல்லமானால் சிறப்பு, கலவையை இளக்கும். அது உலக்கையின் நுனியைப் பற்றிக்கொண்டு மேலெழும்போது ஒருவர் விரலால் வழித்துக் கீழே தள்ளுவார். அந்த விரல் எவ்வாறு தூய்மை செய்யப்படுகிறது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. பிறகு நெல்லிக்காய் அளவில் உருட்டி, ஈர்க்குச்சியில் செருகினால் பண்டம் ஆயிற்று. பெரும்பாலான பழங்கள் கனியக் கனியப் புளிப்பை இழக்க, புளியம்பழம் மட்டும் சர்க்கரை ஏறிய பின்னும் தன் டார்டாரிக் அமிலத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே இனிப்பும் புளிப்பும் உறைப்பும் ஒரே நொடியில் தாக்க, தின்பவரின் ஒரு கண் தானாக மூடிக்கொள்கிறது. இரு கண்ணும் மூடினால் உப்பு கூடிவிட்டது என்று பொருள்.

குச்சி குறித்து இரு கட்சிகள் உண்டு. ஈர்க்குக் கட்சியார், குச்சி இல்லாத உருண்டை வெறும் துவையல் என்பர். உள்ளங்கைக் கட்சியார், குச்சியில் ஏற்றினால் உருண்டை ஒரு பக்கமாகச் சரிந்து விழுகிறது என்றும், கையில் வைத்து நக்கினால் ரேகைகளில் தங்கியதும் வீணாகாது என்றும் வாதிடுவர். வழக்கின் வேர் வேறிடத்தில் உள்ளது. ஈர்க்குக்கு மூலம் வீட்டு விளக்குமாறு. புது விளக்குமாறு வாங்கிய வீட்டுப் பிள்ளைகள் ஈர்க்குக் கட்சியிலும், பழைய விளக்குமாற்றோடு காலந்தள்ளும் வீட்டுப் பிள்ளைகள் மற்றதிலும் சேர்கின்றனர். கொள்கைப் பிளவுகள் பலவற்றுக்குப் பொருளியல் அடிப்படை உண்டு என்பதற்கு இது இன்னொரு சான்று.

இனி மிச்சம். தட்டி எடுத்த கொட்டை பல்லாங்குழியில் சோழிக்கு மாற்றாகிறது. அதன் ஒரு பக்கத்தைக் கருங்கல்லில் தேய்த்தால் பழுப்புத் தோல் நீங்கி வெள்ளை தெரியும். அப்படித் தேய்த்த கொட்டைகளை உருட்டிவிட்டு, வெள்ளை மேலாக விழுந்தவற்றை எண்ணித் தாயம் ஆடலாம். தேய்த்த சூடு ஆறுமுன் பக்கத்தில் இருப்பவர் முழங்கையில் வைத்தால் உராய்வினால் வெப்பம் பிறக்கும் என்ற இயற்பியல் விதி பாடநூலின் உதவியின்றி நிறுவப்படும். தொடர்ந்து அடி விழும் என்பதும் நிறுவப்படும். பெரியவர்களின் உலகிலும் இக்கொட்டைக்கு மதிப்புண்டு: அதன் பருப்பு மாவு நெசவில் பாவுக்குக் கஞ்சியிட உதவும் சரக்கு. தறிச் சத்தம் ஓயாத நகரியிலும் சிறுவர் டவுசர்ப் பைகளில் அடைபட்டுக் கிடக்கும் கையிருப்பை எந்த வணிகரும் கொள்முதல் செய்ய முன்வரவில்லை.

நுங்கு வேறு தரத்தைச் சேர்ந்தது. புளியில் பண்டம் முதன்மை, மிச்சம் துணை. நுங்கிலோ வண்டி முதன்மை, நுங்கு அதைப் பெறுவதற்காகத் தின்று தீர்க்க வேண்டிய கடமை. தலை சீவிய காயில் பெரும்பாலும் மூன்று கண். கட்டைவிரலைக் கண்ணில் பக்குவமாக விட்டு நோண்டி, முதலில் பீய்ச்சி முகத்தில் அடிக்கும் நீரை உறிஞ்சி, வழுவழுத்த சதையை இழுத்து விழுங்கியபின் எஞ்சும் கூந்தல் இரண்டு வேண்டும். நேரான குச்சி ஒன்றின் இரு முனையிலும் அவற்றைக் குத்திச் செருகினால் அச்சும் சக்கரமும் ஆயின. நுனி கவையாகப் பிரிந்த நீண்ட கம்பை அச்சின் நடுவில் பொருத்தித் தள்ளினால் வண்டி ஓடும். வீச்சு சமமாக வர இரண்டு காயும் ஒரே பருமனில் இருக்க வேண்டும். இல்லாவிடில் வண்டி சிறிய காய் இருக்கும் பக்கமாகவே வட்டமிடும். நிறுத்தும் கருவி எதுவும் இதில் இல்லை. வேகமாகத் தள்ளிப்போய்க் கீழே விழுந்து கை முறிந்தால் புத்தூர்க் கட்டு பக்கத்திலேயே இருக்கிறது. மூங்கில் பத்தையும் முட்டையின் வெள்ளைக்கருவும் பச்சிலையும் வைத்துக் கட்டும் அவ்வூரின் எலும்பு வைத்தியம் நெடுந்தொலைவிலிருந்தும் ஆட்களை வரவழைப்பது. இத்தகைய வைத்தியசாலைக்கு அண்மையில் இத்தகைய வாகனம் வழங்கியதைத் தற்செயல் என்று தள்ளிவிட ஆய்வாளர் மனம் ஒப்பவில்லை.

வண்டியின் ஆயுள் சில நாள்தான். நீர் வற்றி ஓடு சுருங்க, குச்சி தொளதொளக்க, ஒரு காலையில் பசுமாடு சக்கரத்தைத் தின்றுகொண்டிருக்கும். அதுவும் மிச்சமின்றித் தின்னும். மிச்சவியலாருக்குக் கவலை தருவது அது அன்று. திருப்பதிச் சாலையோரங்களில் இப்போது நுங்கைச் சுளை சுளையாக எடுத்துப் பையில் போட்டுக் கொடுக்கின்றனர். தோல் உரிக்கும் தொல்லையும் சட்டையில் கறை படியும் அச்சமும் இல்லை என்று பெற்றோர் மகிழ்கின்றனர். ஆயினும் கூந்தல் வியாபாரியின் காலடியிலேயே குவிந்துவிடுகிறது. பிள்ளை தின்பண்டத்தைப் பெற்று வாகனத்தை இழக்கிறது. விலை கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதியைக் கடையிலேயே விட்டுவரும் இவ்வணிகம் நியாயமானதன்று என்பதை இவ்விடத்தில் உரக்கச் சொல்லியே ஆக வேண்டும்.

டம்ளர் ஐஸுக்கு அயல்நாட்டுத் தொடர்பு உண்டு. பாஸ்டனிலிருந்து கப்பலில் ஏற்றிய ஏரிப் பனிக்கட்டி 1833இல் கல்கத்தா வந்து இறங்கியது. சென்னையில் 1842இல் அதற்கென்று எழுந்த ஐஸ் ஹவுஸே இன்றைய விவேகானந்தர் இல்லம். கலிபோர்னியாவில் 1905இல் ஃபிராங்க் எப்பர்சன் என்னும் 11 வயதுச் சிறுவன் சோடாப் பொடி கரைத்த நீரைக் கலக்கும் குச்சியோடு இரவில் வெளியே மறந்து வைக்க, அது விடியலில் குச்சி ஐஸாகியிருந்தது என்பதும், 1924இல் அதற்குக் காப்புரிமை பெற்றார் என்பதும் பலரும் அறிந்த செய்தி. திருப்பதியில் மே மாதத்து இரவில் அவ்வாறு மறந்து வைத்தால் விடியலில் எறும்புதான் இருக்கும். எனவே இங்கு எவர்சில்வர் டம்ளரும் ஃப்ரிட்ஜும் இன்றியமையாதன. ரஸ்னாவோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி ஸ்பூனை நட்டு வைத்தால், தண்ணீர் ஓரத்திலிருந்து தூய பனியாக உறைந்துகொண்டே வந்து சர்க்கரையையும் சாயத்தையும் நடுவுக்குத் தள்ளுகிறது. அதனால்தான் நாலு உறிஞ்சில் இனிப்பு தீர்ந்து, வெளுத்த பனிக்கட்டி மட்டும் கையில் நிற்கிறது. ஆயிற்றா என்று கதவை ஓயாமல் திறந்து பார்ப்பதாலும், மின்வெட்டாலும் உறைதல் தாமதமாகும். மிச்சம் என்று பார்த்தால் நாக்கின் நிறம் ஒன்றே. ஸ்பூனை அம்மா திரும்ப வாங்கிக்கொள்வார். ஆகவே இப்பண்டத்துக்குக் கடைசி இடமே தர முடிகிறது.

வடாம் இந்த அளவுகோலுக்குள் முழுதாக அடங்குவதில்லை. மொட்டைமாடியில் பழைய வேட்டியை நனைத்து விரித்து, சுடச்சுடக் கிளறிய கூழை முறுக்குக் குழலில் பிழிவது பெரியவர்களின் ஆட்சிக்குட்பட்டது. ஆனால் கடைசி ஈடு பிள்ளைகள் கைக்கு வரும். அப்போது வேட்டியின் ஓரத்தில் அவரவர் பெயரின் முதலெழுத்து தமிழில் ஒன்றும் தெலுங்கில் ஒன்றுமாகப் பிழியப்படும். உலரும்போது மாவு சுருங்குவதால் எழுத்து மெலிந்த இடத்தில் வெடிக்கும். மாலையில் துணியின் பின்புறம் நீர் தெளித்து உரிக்கையில் சுழி ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கழன்று வரும். காக்கைக்குக் காவலாகக் குடையோடு உட்கார்த்தி வைக்கப்பட்ட பிள்ளை, மேலே காய்ந்தும் உள்ளே பச்சையுமாக இருக்கும் நடுப்பகல் வடாமைச் சுவைபார்ப்பது மரபு. காக்கையால் ஏற்பட்ட இழப்பு, காவலால் ஏற்பட்ட இழப்பு என இரண்டையும் பிரித்தறியும் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பாட்டிமார் இரண்டையும் காக்கைக் கணக்கிலேயே எழுதிவிடுகின்றனர்.

எஞ்சியிருப்பது மாங்காய். பெங்களூரா, கல்லாமை, கலெக்டர், தோத்தாபுரி எனப் பல பெயர் பூண்ட கிளிமூக்கு மாங்காயே இங்கு மிகுதி. சித்தூரைச் சுற்றியுள்ள கூழ் ஆலைகள் இதை நம்பியே இயங்குகின்றன. மூக்கு வளைவுக்கு மேலே மிளகு ஒன்றைப் பதித்தால் கிளி. கீறிய வரியில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவினால் கிளி தின்பண்டம். அலிபிரி வழியாகத் திருமலை ஏறுவோர் 3,550 படிகளுக்கும் எத்தனை பத்தை தின்கின்றனர் என்பது தனியே ஆராயத்தக்கது. 2025 ஜூனில் இக்காயின் விலை சரிந்து, ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் அறிவித்து, அயல் மாநிலக் கிளிமூக்கு சித்தூர் மாவட்டத்துக்குள் வரத் தடையும் போட்டபோது, கர்நாடக முதல்வரே கடிதம் எழுதும் அளவுக்கு வழக்கு முற்றியது. உழவருக்கு அது விளையாட்டன்று. அந்தத் தடை அரக்கோணத்திலிருந்து வந்த அத்தை பிள்ளையின் பையில் கிடந்த இரண்டு காய்களுக்கும் பொருந்துமா என்பது மட்டும் தெளிவுபடுத்தப்படவில்லை.

மாங்கொட்டையின் மிச்சவியற் பயன் விடுமுறைக்குள் கிட்டுவதில்லை என்பதே அதன் தனித்தன்மை. சப்பிப்போட்ட கொட்டை குப்பைமேட்டில் கிடந்து, முதல் மழைக்கு முளைவிட்டபின், ஓட்டை நீக்கிப் பருப்பின் ஓரத்தைச் சொரசொரத்த கல்லில் தேய்த்து வாயில் வைத்து ஊதினால் பீப்பீ. அதற்குள் ஜூன் 12 கடந்து, பள்ளி திறந்து, கணக்கு வகுப்பும் தொடங்கிவிட்டிருக்கும். அவ்வகுப்புகளின் பின்வரிசைகளிலிருந்து ஆண்டுதோறும் கைப்பற்றப்படும் பீப்பீக்கள் ஆசிரியர் மேசை இழுப்பறைகளில் சேர்ந்துகொண்டே வருகின்றன. இத்துறையின் மிகப் பெரிய ஆவணக் காப்பகமாகிய அவ்விழுப்பறைகள் ஆய்வாளர்களுக்கு இதுவரை திறந்துவிடப்படவில்லை.