ஊசிக்கு ஏதுடி பத்தியம்?

வாடியம்மா, சிப்காட்ல ஷிப்டு முடிஞ்சி கம்பெனி பஸ்ஸ உட்டு எறங்குன கையோட ஆயாவத் தேடி வந்துட்டியா? கர்ப்பப்பை வாய் புற்றுநோய் ஊசி போட்டுக்கினா புருசன்கூட எத்தினி நாளு சேரக்கூடாதுன்னா கேக்கற? லைன்ல கூட வேல செய்றவ சொன்னாளாமா! புதுசா கட்டுனவங்கள ஆடி மாசந்தான்டி பிரிக்கும். ஊசி இன்னாத்துக்குப் பிரிக்கப் போவுது?

கை வலிக்கும், லேசா காய்ச்சல் வந்தாலும் வரும். மாப்ளய அந்தப் பக்கம் படுக்க வாணாம்னு சொல்லு, அதான் பத்தியம். ஆனா உனுக்கு 3 ஊசி. மொதல் ஊசி போட்டு ரெண்டாம் மாசம் ஒண்ணு, ஆறாம் மாசம் ஒண்ணு. நடுவுல நாள் தள்ளிப்போனா மிச்சத்த புள்ள பொறந்தப்புறம் போட்டுக்க. அதுவரைக்கும் புள்ள வாணாம்னா நிரோத் வாங்கியாரச் சொல்லு. ராத்திரி பத்து மணிக்கு கவரப்பேட்ட போயி பிரியாணி வாங்கியாரத் தெரியுதில்ல அவனுக்கு? மத்த பால்வினை நோயிக்கி இந்த ஊசி காவலில்ல, அதுக்கும் நிரோத்துதான்.

இன்னொண்ணு கேளு. கரும்புக் கொல்லைக்கி வேலி போட்டா வெளிய கீற பன்னி உள்ள வராது. முன்னயே பூந்த பன்னி வேலியப் பாத்து ஓடிப்போவாது. மாப்ளயச் சொல்லலடி, இந்த நோய வரவைக்கிற கிருமியச் சொன்னேன்! அதுல பல ரகம் கீது. 16, 18-னு ரெண்டுதான் பத்துக்கு ஏழு புற்றுநோய்க்கி காரணம். பூனாவுல செய்ற செர்வாவாக் ஊசி அந்த ரெண்டையும் மறிக்கும், மரு வர வைக்கிற 6, 11-ஐயும் மறிக்கும். அது ஆம்பளைக்கும் உண்டு. மீசைய முறுக்கறவன ஊசிக்கி கைய நீட்டச் சொல்லேன், பாப்போம்.

சுத்தம்னு சொல்லி உள்ளாற சோப்பு, டெட்டால் ஊத்திக் கழுவாத. அந்த எடம் தன்னயே கழுவிக்கும், உன் வீட்டுக்காரனாட்டம் சொல்லிச் சொல்லிக் கழுவ வைக்கத் தேவையில்ல. சேந்தப்புறம் ரத்தம் பட்டாலோ, நாத்தமா வெள்ளப்பட்டாலோ வெக்கத்த மூட்ட கட்டி வெச்சிட்டு டாக்டரம்மாகிட்ட போ.

ஊசி போட்டாலும் 30 வயசானா சோதனைக்கிப் போவணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல காலம் பூரா பெருக்கித் தொடச்சவ சொல்றேன்: காடியாட்டம் ஒரு தண்ணிய கர்ப்பப்பை வாயில தொட்டு வெச்சி ஒரு நிமிசம் பாப்பாங்க, கெட்ட எடம் வெள்ளையாத் தெரியும். திண்டுக்கல் பக்கம் அம்பிளிக்கை ஆஸ்பத்திரிக்காரங்க ஊரு ஊரா 30-லேர்ந்து 59 வயசுப் பொம்பளைங்களுக்கு இத்தச் செஞ்சாங்க. ஒரே ஒரு தபா பாத்ததுக்கே அந்த நோயில சாவு 35 சதம் கொறஞ்சிதுன்னு 2007-ல எழுதிக் காட்டுனாங்க.

உனுக்கு இன்னும் வருசம் கெடக்குது. உன் மாமியாருக்கு அம்பது ஆவுதில்ல? வாரத்துல உனுக்கு லீவு என்னிக்கி, சொல்லு. நானே வந்து கூட்டினு போறேன். உன்கூட வரமாட்டா, எங்கிட்ட வாய் தொறக்கமாட்டா.