ஊட்டி கேரட்டின் ஊர் திரும்பல்: மலைவாச விடுமுறையில் மளிகைச் சிக்கனம், படப்பைக் குடும்பங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

ஐரோப்பாவில் பனிச்சறுக்குக்குப் போகும் குடும்பங்கள் சமையலறையோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுத்து, அடிவாரத்திலேயே மளிகை வாங்கிக்கொண்டு மலையேறுவதுண்டு. படப்பைவாசி சறுக்க விரும்பினால் குல்மார்க் அல்லது அவுலி வரை போக வேண்டும். ஆய்வாளருக்குக் கிடைத்த பண்டிகை முன்பணம் அவ்வளவு தூரம் போகாது. ஆகவே இவ்வாய்வு ஊட்டியோடு நின்றுகொள்கிறது. அங்கே சறுக்க வழியில்லை. ஆனால் மார்கழி, தையில் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி படரும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோர மக்களுக்கு அதுவே இமயம்.

தங்குமிடத்தில் கேஸ் அடுப்பு உண்டு என்று தெரிந்த மறுகணமே குடும்பத் தலைவர் ஒரு பிரகடனம் செய்கிறார்: "வெளிச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்காது." பணம் என்ற சொல் இதில் எங்கும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அன்றே அரிசி அளக்கப்படுகிறது, புளி உருட்டப்படுகிறது, அப்பளக்கட்டு எண்ணப்படுகிறது. இதனால் உண்மையிலேயே ஏதேனும் மிச்சமாகிறதா என்பதே நம் கேள்வி.

2. முன்னோடிகள்

இத்துறையின் மூலவர் ஜான் சலிவன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தபோது 1819-இல் நீலகிரி ஏறியவர். ஐரோப்பியக் காய்கறிகளை அங்கே பயிராக்கியவர். நாம் மலைக்குக் காய்கறி சுமக்கிறோம். அவர் விதை சுமந்தார். எடைச் சிக்கனத்தில் இதை விஞ்ச முடியாது. கேரட் விளைய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்பதால், மூன்று நாள் தங்குவோருக்கு இம்முறை பரிந்துரைக்கப்படவில்லை.

அடுத்தவர் கோட்லீப் டுட்வைலர். சுவிட்சர்லாந்தில் விலைவாசி கொடிகட்டிப் பறந்த 1925-இல், சூரிக்கில் 5 ஃபோர்டு வண்டிகளை வைத்து மிக்ரோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். காப்பி, அரிசி, சர்க்கரை, பாஸ்தா, தேங்காய்க் கொழுப்பு, சோப்பு என்ற 6 பொருள்களை மட்டும் மலிவாக விற்றார். பாஸ்தாவை அடித்துவிட்டுச் சேமியா என்று எழுதினால், இது படப்பை அண்ணாச்சி கடையில் நீட்டப்படும் பயணச் சீட்டேதான். புளியை விட்டது மட்டும் டுட்வைலரின் வரலாற்றுப் பிழை.

3. உயரமும் விலையும்

மலைக்கடைகளில் விலை ஏன் கூடுதல் என்று கேட்டால், "மேல ஏத்திக் கொண்டாரணும்ல" என்று பதில் வரும். இதை இயற்பியல் கொண்டு சோதிப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கிலோ அரிசியை அவ்வளவு உயரம் தூக்க ஏறக்குறைய 18.6 கிலோ ஜூல் போதும், அதாவது 4.4 கிலோ கலோரி. ஒரு கிராமைச் சற்றே தாண்டும் சர்க்கரையில் இவ்வளவு ஆற்றல் இருக்கிறது. ஆகவே கூடுதல் விலையில் புவியீர்ப்பின் பங்கு ஒரு சிட்டிகைதான். மீதியை லாரி டீசலும், கடை வாடகையும், வாங்க வருபவரின் கழுத்தில் தொங்கும் கேமராவும் பங்கிட்டுக்கொள்கின்றன.

4. பொருள்களின் வகைப்பாடு

சுமக்கப்படும் பொருள்கள் மூவகைப்படும்.

முதல்வகை, எம்.ஆர்.பி. அச்சிடப்பட்டவை. பிஸ்கட், டீத்தூள், சாம்பார்ப் பொடிப் பாக்கெட் முதலியன. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம் என்ற சட்டம் படப்பைக்கும் ஊட்டிக்கும் பொது. எனவே பிஸ்கட் பாக்கெட்டை 500 கிலோமீட்டருக்கு மேல் சுமப்பவருக்கு, தாம்பரம் சூப்பர் மார்க்கெட்டின் தள்ளுபடி போக, தோள்வலியே லாபம்.

இரண்டாம் வகை, வீட்டுத் தயாரிப்புகள். பருப்புப்பொடி, வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல். இவற்றுக்கு ஊட்டியில் விலையே கிடையாது. கிடைக்காத பொருளுக்கு ஏது விலை? புளியின் அமிலமும் நல்லெண்ணெயும் சேர்ந்து காப்பதால் புளிக்காய்ச்சல் எத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கெடாமல் கடக்கும். இதைத் தயாரித்தவரைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. அவருக்குப் பெரும்பாலும் குன்னூருக்கு முன்பே தலை சுற்றும்.

மூன்றாம் வகையே இவ்வாய்வின் மையம்: கேரட். தாம்பரம் மார்க்கெட்டில் ஊட்டி கேரட் என்றும் பெங்களூர் கேரட் என்றும் இரண்டு சாதிகள் உண்டு. பயணத்துக்கு நல்லதாக வேண்டும் என்பதால் ஊட்டி கேரட்டே வாங்கப்படுகிறது. அது நீலகிரியில் பிடுங்கப்பட்டு, கழுவப்பட்டு, மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் போய், கோயம்பேட்டில் இறங்கி, தாம்பரம் வந்தது. இப்போது கட்டைப்பையில் ஏறி, மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வந்து, சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, விடியலில் மீண்டும் மேட்டுப்பாளையம் சேர்கிறது. டிக்கெட் கிடைத்திருந்தால் அங்கிருந்து 46 கிலோமீட்டர் மலை ரயில். 1908-இல் ஊட்டியைத் தொட்ட, 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த பற்சக்கரப் பாதை. இவ்வளவு மரியாதையோடு பிறந்த ஊர் திரும்பும் காய் வேறில்லை. ஊட்டியிலும் உழவர் சந்தை இருக்கிறதே என்று கேட்கலாம். அது அதிகாலையில் கூடும். குளிரில் கம்பளியை விட்டு எழ ஆள் இல்லை.

5. சுமையும் சட்டமும்

ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புப் பயணி ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். நால்வர் குடும்பத்துக்கு 160 கிலோ. அதாவது ஊட்டியில் ஒரு சிறு மளிகைக்கடை திறக்கும் அளவுக்குச் சட்டம் தாராளமாக இருக்கிறது. கேஸ் சிலிண்டருக்கு மட்டும் அனுமதியில்லை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். அக்காலத்தில் மூன்று வேளைச் சோறும் அரசு செலவு என்பதால் சிக்கன நோக்கில் இது கவர்ச்சியானதே. ஊட்டி பார்க்க முடியாது என்பதால் தள்ளுபடி செய்யப்படுகிறது.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தனித்தனி கேரி பேக்கில் முடிச்சிட்ட துவரம்பருப்பும் கடுகும் சோதனைச் சாவடியில் திருதிருவென விழிக்கும். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைத் தூக்கியெறியாமல் வைத்திருந்த இல்லங்களின் தொலைநோக்கை மெய்ப்பித்தது.

6. விசிலியல்

ஊட்டியின் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருப்பதில்லை. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகுமென்று காத்திருப்பவர் பூங்காவைப் பார்க்காமலே ஊர் திரும்ப நேரும். குக்கர் இன்றியமையாதது. ஆனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதால் குக்கருக்குள்ளும் வெப்பம் சற்றுக் குறைவே. படப்பையில் மூன்று விசில் என்றால் ஊட்டியில் நான்கு வைக்க வேண்டும்.

இட்லி மாவுக்கோ வேறு சிக்கல். ஊட்டிக் குளிரில் மாவு புளிக்காது. எனவே புளித்த மாவையே எடுத்துப்போவர். அது ஈரோடு தாண்டும்வரை பொங்கிக்கொண்டே வந்து, தூக்கின் மூடியைத் தள்ளி, கீழ்ப் பெர்த்காரரின் செருப்பைத் தொடும். மலையேறியதும் சாதுவாகிவிடும்.

7. விடுபட்ட செலவினம்

இப்போது கணக்கை முடிக்கலாம். மளிகையில் மிச்சமாகும் தொகையில் பெரும்பங்கை ஆட்டோவும் சுமைகூலியும் விழுங்கிவிடுகின்றன. இருந்தும் மொத்தத்தில் லாபமே தெரிகிறது. ஆராய்ந்தால் அது ஓட்டலுக்குப் போகாததால் வந்த லாபம். ஓட்டலில் சமையற்காரருக்குச் சம்பளம் உண்டு. தங்குமிடத்தின் அடுப்படியில் நிற்பவருக்கு இல்லை. குடும்பத்தில் நான்கு பேர் விடுமுறைக்குப் போனதாக ஆல்பம் சொல்கிறது. மூவரே போயிருக்கிறார்கள். ஒருவர் பணியிட மாறுதலில் போயிருக்கிறார்.

இவ்வுழைப்புக்கு மதிப்பு போட ஓர் அரசு எண் இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று, படப்பை அடங்கிய அதே மாவட்டத்தின் காஞ்சிபுரத்தில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிவைக்கப்பட்டது. பெண்களின் கூலியில்லா வீட்டுழைப்பை அங்கீகரித்து மாதம் 1,000 ரூபாய். நாளொன்றுக்கு 33 ரூபாய்ச் சொச்சம். மூன்று நாளுக்கு 100. ஒன்பது வேளைச் சமையல் என்று கொண்டால் வேளைக்கு 11 ரூபாய். காப்பி இனாம். இந்த விலையில் ஆள் கிடைத்தால் சுவிட்சர்லாந்திலும் சிக்கனமாக இருக்கலாம்.

8. பரிந்துரைகள்

ஒன்று, எம்.ஆர்.பி. பொருள்களை ஊட்டியிலேயே வாங்குக. இரண்டு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி தவிர வேறெதையும் சுமக்காதிருக்க. அவற்றுக்குச் சோறு மட்டும் வடித்தால் போதும், அதற்கு ஆண்களின் கல்வித் தகுதியே தாராளம். மூன்று, காய்கறிக்கு உழவர் சந்தை. ஆனால் அதிகாலைக் குளிரில் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகவேண்டியவர், வெளிச் சாப்பாடு ஒத்துக்காது என்று அறிவித்த அதே நபராக இருக்க வேண்டும். அவர் ஒரே ஒருநாள் போய்வந்தால் போதும். மறுவேளையிலிருந்தே வெளிச் சாப்பாடு அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளத் தொடங்கிவிடும் என்பது இவ்வாய்வின் துணிபு.