வெர்டியே ஃபெயிலுதாம்லே!

ஏலே தம்பி, மோட்டுவளையப் பாத்து என்னத்தையோ முணங்கிக்கிட்டே திரியுதியே, என்ன சங்கதி? ஓ, மேனாட்டுச் சங்கீத வினாடி வினாவா! பீத்தோவன் எழுதுன சிம்பனி எத்தனை? 9. ஹைடன்? 104. சபாஷ், வாய்ப்பாடு நல்லாத்தான் வருது. அந்த 104-ல ஒண்ணையாவது முழுசாக் கேட்டியாலே? ஏன் தலையச் சொறியுத?

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. வயசானா பக்கத்துச் சத்தந்தான் கேக்காது. தூரத்துச் சத்தம் துல்லியமாக் கேக்கும்.

மோட்சார்ட் எழுதுன ஒவ்வொண்ணுக்கும் 'கே' போட்டு ஒரு நம்பர் இருக்குல்லா? போட்டவரு கோஷெல்னு ஒரு ஆஸ்திரியாக்காரரு. செடிகொடி, கல்லு, மண்ணுன்னு ஆராய்ஞ்ச மனுசன். 1862-ல எல்லாத்தையும் வரிசைப்படுத்தி 626 வரைக்கும் எண் போட்டுப் புஸ்தகமாக்கிட்டாரு. தேடுதவனுக்குச் சுளுவா இருக்கட்டுமேன்னு செஞ்ச புண்ணியம் அது. நீ என்னடான்னா நம்பரையே பாட்டுன்னு நெனச்சு உருப்போடுத. பந்தியில உக்காந்து இலையில எத்தனை நரம்புன்னு எண்ணுதவனுக்கு வயிறு நெறையுமா?

பரீட்சைன்னா உனக்கு அம்புட்டு மரியாதையா? அப்ப இதைக் கேளு. 1832, இத்தாலி. மிலான் இசைக்கல்லூரியில சேர ஒரு கிராமத்துப் பய வந்து நின்னான். வயசு 18. பியானோ வாசிச்சுக் காட்டுனான். வயசு கூடிப்போச்சு, கை வைக்குத மொறை சரியில்ல, வேத்து நாட்டுக்காரன் வேற, எடமும் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாக. பய யாரு? ஜூசெப்பே வெர்டி! இப்ப அந்தக் கல்லூரிக்கு யாரு பேரு வச்சிருக்காக? அதே வெர்டி பேருதான். அன்னைக்கு மார்க்குப் போட்டவுக பேரு உன் வினாடி வினாவுல வருதாலே?

சரி, பாக்க வந்த சனமாவது ஒழுங்கா மார்க்குப் போட்டுச்சா? 1816-ல ரோமுல ரொசீனியோட 'செவில் நகர நாவிதன்'ங்குத ஒபரா, அதாம்லே பாட்டு நாடகம், மொத ராத்திரி. ஒரே ஊளை, கூச்சல். நடுவுல ஒரு பூனை மேடையேறி நடந்துச்சுன்னும் சொல்லுவாக. அடுத்த ராத்திரியே தூக்கி வச்சுக் கொண்டாடிட்டாக. 1853-ல வெனிசுல வெர்டியோட 'லா டிராவியாட்டா' ஒபரா. கதாநாயகி காசநோயில உருகிச் சாகணும். பாடுன அம்மா நல்ல வாட்டசாட்டம். அழ வேண்டிய எடத்துல கொட்டகையே சிரிச்சுட்டு. மறுவருசம் கொஞ்சம் தட்டித் திருத்தி, அதே ஊர்ல வேற கொட்டகையில போட்டாரு. சனம் சொக்கிப்போச்சு. இதுல யாரு பாஸு, யாரு ஃபெயிலு?

இன்னொரு கூத்து. சிம்பனிக்கு நடுவுல கைதட்டப்படாதாம். தட்டுனா பட்டிக்காட்டானாம். தெரியாம ஒருத்தன் தட்டிட்டா, பக்கத்து சீட்டுக்காரன் மொறைக்குத மொறைப்பு இருக்கே! யாருலே போட்டது இந்தச் சட்டம்? 1778-ல பாரீசுல தன்னோட சிம்பனி வாசிக்கும்போதே சனம் கைதட்டுச்சுன்னு மோட்சார்ட்டே அவுக அப்பாவுக்குக் கடுதாசி எழுதிச் சந்தோசப்பட்டிருக்காரு. 1813-ல வியன்னாவுல, பீத்தோவனோட 7-ஆவது சிம்பனியில ரெண்டாம் பகுதிய இன்னொருக்கா வாசிங்கன்னு சனம் கேட்டு வாங்கியிருக்கு. எழுதுனவனுக்கு வராத கோவம் உனக்கு எதுக்கு?

பாட்டைக் கண்டுபிடிக்குததுதான் அறிவுன்னா, நான் ஒருத்தனைக் காட்டுதேன். வெர்டியோட 'ரிகொலெட்டோ' ஒபரா, 1851. எந்த ஊர்ல அரங்கேறிச்சுன்னு உனக்குத்தான் மனப்பாடமாச்சே. கூனன் ரிகொலெட்டோ, தன் மகளைக் கெடுத்த கோமகனைத் தீத்துக்கட்டக் கூலிக்கு ஆள் வைக்கான். காரியம் முடிஞ்சுதுன்னு மூட்டை கைக்கு வந்துட்டு. ஆத்துல தள்ளப்போற நேரம், தூரத்துல ஒரு பாட்டு. சத்திரத்துல கோமகன் பாடுன அதே பாட்டு, அதே தொண்டை! அவன் அங்க பாடுதான்னா, மூட்டைக்குள்ள யாரு? அவுத்துப் பாக்கான். பெத்த மக குத்துப்பட்டுக் கெடக்கா. ரிகொலெட்டோவுக்கு அந்தப் பாட்டு என்ன ஸ்தாயி, என்ன தாளம்னா ஓடிச்சு? ஈரக்குலை நடுங்கிச்சு பாரு, அதுக்குப் பேருதாம்லே பாட்டு தெரியுதது.

வினாடி வினாவுக்குப் போவாதன்னு நான் சொல்லல. கேடயம் குடுத்தா வாங்கிட்டு வா, அலமாரிக்கு அழகு. அதுக்கு முன்னால அந்தக் கடைசிக் காட்சிய ஒருக்கா உக்காந்து கேளு. தூரத்துல அந்தக் குரல் வருத நேரம், உன் கை பாட்டுப் பேரைத் தேடி செல்போனுக்குப் போச்சுன்னு வையி, நீ ஃபெயிலு. வெர்டி ஃபெயிலான மாதிரி இல்லலே மூதி, நெசமாவே ஃபெயிலு.