கரடிக்குப் பிடித்த பழம்

ஃபுளோரிடாவின் மணற்காடுகளில் ஸா பால்மெட்டோ என்ற குட்டைப் பனை புதராக மண்டிக் கிடக்கும். அதன் கறுத்த பழத்தைக் கரடிகள் விரும்பித் தின்னும். 1696-இல் அந்தக் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கிய ஜொனாதன் டிக்கின்சன் குழுவினருக்கோ பசியிலும் அது வாயில் நிற்கவில்லை. புகையிலையில் ஊறிய அழுகல் பாலாடைக்கட்டி போலிருந்ததாக அவர் எழுதிவைத்தார். அதே பழத்தின் சாற்றைத்தான் இன்று வயதான ஆண்கள் புராஸ்டேட் வீக்கத்துக்காகக் காசு கொடுத்து விழுங்குகிறார்கள். கேப்சூலில் அடைத்திருப்பதால் உள்ளே போனது நாக்குக்குத் தெரிவதில்லை. புராஸ்டேட்டுக்கும் தெரிவதில்லை என்பதுதான் சங்கடம்.

ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தச் சுரப்பி பெருக்கத் தொடங்கிவிடுகிறது; அது நடுவே ஓடும் சிறுநீர்க் குழாயை நெருக்கக்கூடும். அதை வளர்க்கும் ஹார்மோன் உருவாவதைப் பழச்சாறு தடுக்கிறது என்று சோதனைக் குழாய்கள் சொல்லின. சோதனைக் குழாய் சிறுநீர் கழிக்க இரவில் மூன்று முறை எழுந்திருப்பதில்லை. எழுந்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். 2006-இல் அமெரிக்காவில் 225 பேரிடம் ஓராண்டு கேட்டார்கள். ஒரு தரப்புக்குப் பழச்சாறு, மறு தரப்புக்கு மருந்தில்லாத கேப்சூல். அது வாசத்திலோ கசப்பிலோ காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று, அதையும் கசப்பாக்கிப் பழுப்பு நிறமேற்றிக் கொடுத்தார்கள். பாவம், மருந்து கிடைக்காதவர்களும் கசப்புக்குத் தப்பவில்லை. ஆண்டு முடிவில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. அளவு போதாதோ என்ற ஐயமும் 2011-இல் தீர்ந்தது. 369 பேர், 72 வாரம், அளவை மூன்று மடங்குவரை ஏற்றிப் பார்த்தார்கள். 35 புள்ளி உபாதைப் பட்டியலில் பழச்சாறு குறைத்தது 2.20, வெறும் கேப்சூல் குறைத்தது 2.99. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் வெறும் கேப்சூலுக்கு மாலை போட முடியவில்லை.

“எனக்குக் கேட்டதே!” என்பவர்கள் பொய் சொல்லவில்லை. வெறும் கேப்சூல் விழுங்கியவர்களுக்கும்தான் கேட்டது. இந்த உபாதை ஏறும், இறங்கும். ஏறி நிற்கும்போதுதான் மனிதர் கடைக்குப் போவார். பிறகு அது தானாக இறங்கும்போது பாட்டிலுக்குப் பெயர் கிடைக்கும். ஐரோப்பாவில் ஹெக்சேன் என்ற கரைப்பான் கொண்டு எடுக்கும் ஒரு வகைச் சாற்றை மருந்து ஒழுங்குமுறைக் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறதே என்றால், உண்மைதான், ஆனால் கடைப் பாட்டிலில் இருப்பதெல்லாம் அதுவல்ல. டாக்டர் தரும் மாத்திரையில் மட்டும் தொல்லை இல்லையா? உண்டு. டாம்சுலோசின் தலைசுற்ற வைக்கலாம், ஃபினாஸ்டரைடு ஆசையைக் குறைக்கலாம். அந்த நீண்ட பட்டியல், யாரோ உட்கார்ந்து சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கும் சான்று. அமெரிக்காவிலோ 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊட்டச்சத்துப் பாட்டில் கடைக்கு வருமுன் அது பலிக்கும் என்று அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் விற்கிறது? டாக்டரைப் போலப் பாட்டில் கேள்வி கேட்காது, கையுறை மாட்டாது, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லாது. விலை புராஸ்டேட்டுக்கல்ல, கூச்சத்துக்கு. இயற்கைப் பொருள், கெடுதல் இல்லை என்பதும் பெருமளவு சரியே. மேற்படி ஆய்வுகளில் பழச்சாறு யாரையும் பெரிதாகப் படுத்தவில்லை. ஆனால் அதே அறிகுறிகளோடு புற்றுநோயும் வரக்கூடும். சிறுநீரில் ரத்தம் கண்டவர் பாட்டில் தீரட்டும் என்று காத்திருந்தால் நேரம்தான் போகும். இதே உபாதைக்கு விற்கும் இன்னொரு மூலிகையான பைஜியம், ஆப்பிரிக்க மலைக்காட்டு மரமொன்றின் பட்டை. கிழவர்களின் கழிவறை நடையைக் குறைக்க அதை உரித்த வேகத்தில், 1995-இல் அந்த மரத்தைப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. பக்கவிளைவு இல்லாமல் இல்லை, அனுபவித்தது மரம்.