தலைக்கு எட்டுக் கணக்கு

பெறுநர்:
இயக்குநர் குழுவினர்,
வெல்ஸ் ஃபார்கோ வங்கி,
சான் பிரான்சிஸ்கோ.

பொருள்: தங்கள் தொழில் நேர்த்தியைப் பாராட்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய வங்கியாரே,

எனக்குத் தங்களிடம் கணக்கு எதுவும் கிடையாது. இதை நான் அடித்துச் சொல்லலாமா என்பதைத் தாங்கள்தான் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். கணக்கு இருப்பதே தெரியாமல் கணக்கு வைத்திருந்தவர்கள் தங்களிடம் லட்சக்கணக்கில் உண்டு என்று 2016 செப்டம்பரில் ஊருக்கே தெரிந்துவிட்டதல்லவா?

மற்ற வங்கிகளில் ஒரு கிரெடிட் கார்டு வாங்க அடையாளச் சான்று, சம்பளச் சான்று, நாலு கையெழுத்து என்று நடையாய் நடக்க வேண்டும். தாங்களோ கேட்காதவருக்கும் கொடுக்கும் வள்ளல். வாடிக்கையாளருக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கக்கூடிய கார்டு விண்ணப்பங்கள் மட்டும் 5,65,000. அதுபோக 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வைப்புக் கணக்குகள். அடுத்த ஆண்டு இன்னும் சில வருடங்கள் பின்னால் போய் எண்ணிப் பார்த்தபோது, மொத்தம் 35 லட்சம் வரை போயிற்று. கேட்காத கார்டுகளில் சுமார் 14,000 கார்டுகளுக்கு ஆண்டுக் கட்டணம், வட்டி என்று 4 லட்சம் டாலருக்கு மேல் வசூலும் நடந்திருக்கிறது. வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரி இல்லையா? கவலையே இல்லை. ‘நோநேம்’ என்று ஒரு முகவரியைத் தங்கள் ஊழியர்களே சூட்டி, வேலையை முடித்தார்கள்.

இந்தச் சாதனையின் மூலகாரணத்தைத் தேடியபோது தங்கள் இலக்கிய ரசனையைக் கண்டு சிலிர்த்துப்போனேன். ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுச் சேவைகளைக் கட்ட வேண்டும் என்பது தங்கள் இலக்கு. ஏன் எட்டு? அன்றைய தலைவர் ஜான் ஸ்டம்ஃப் 2010 ஆண்டறிக்கையில் விளக்கம் தந்தார்: ‘எய்ட்’ என்பது ‘கிரேட்’ என்பதோடு இயைந்து ஒலிக்கிறதாம்! அடுத்து ‘டென்’ என்று முழங்கலாமே என்றும் யோசனை சொல்லியிருந்தார். இயைபுத் தொடை பார்த்து வியாபார இலக்கு வைத்த வேறொரு வங்கியை நான் அறியேன்.

ஆனால் மேலே பாட்டாக இருந்தது கீழே வரும்போது பாடாகிவிட்டது. 2013 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் ஒரு சங்கதியை வெளியிட்டது. வீடுவாசல் இல்லாத ஒரு பெண்மணியிடம் பேசிப் பேசியே ஆறு கணக்குகளைத் திறக்கவைத்திருக்கிறார்கள் தங்கள் ஊழியர்கள். அவற்றுக்கான கட்டணம் மாதம் 39 டாலர். தெருவில் கிடக்கும் ஒருத்திக்கு ஆறு கணக்கு! அப்படியும் இலக்குக்கு இரண்டு குறைகிறது என்பதால், அந்த ஊழியர்களின் சாயங்காலம் எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அன்றன்றைய எண்ணிக்கையை அன்றன்றைக்கே மேலதிகாரிக்கு ஒப்பிக்க வேண்டிய பிழைப்பு அல்லவா அது.

குட்டு உடைந்ததும் தாங்கள் எடுத்த நடவடிக்கை பிரமாதம். ஐந்தாண்டுகளில் 5,300 பேரை வேலையைவிட்டு நீக்கியதாக அறிவித்தீர்கள். ஐயாயிரத்துச் சொச்சம் பேரும் ஒருவரையொருவர் கேட்காமல், தத்தம் சொந்தப் புத்தியில், ஒரே மாதிரித் தப்பு செய்திருக்கிறார்கள் என்பது புள்ளியியல் அதிசயம்தான். மேலே இருந்தவர்களுக்கும் சங்கடம் வராமலில்லை. ஸ்டம்ஃப் பதவி விலகினார், பிற்பாடு 1.75 கோடி டாலர் அபராதமும் கட்டினார். கிளைகள் அத்தனைக்கும் தலைமை தாங்கிய கேரி டோல்ஸ்டெட், வங்கிச் சோதனைக்கு இடையூறு செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2023இல் அவருக்குக் கிடைத்த தண்டனை, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறைவாசல் மிதிக்கவில்லை.

2016இல் தங்களுக்கு விதித்த அபராதம் 18.5 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டு தங்கள் லாபம் சுமார் 2,300 கோடி டாலர். வகுத்துப் பார்த்தேன்; மூன்று நாள் வரும்படி. திங்கள், செவ்வாய், புதன் அரசாங்கத்துக்கு. வியாழன் முதல் தங்களுக்கு.

வாடிக்கையாளர்கள் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார்கள். அப்போது தங்கள் வக்கீல்கள் வைத்த வாதத்தைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்கலாம். உண்மையான கணக்கைத் தொடங்கியபோது, தகராறு வந்தால் நீதிமன்றம் போகமாட்டோம், நடுவரிடம்தான் போவோம் என்று இவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆகவே பொய்க் கணக்கு விவகாரமும் நடுவரிடமே போக வேண்டும் என்றார்கள். அதாவது, போட்ட கையெழுத்து போடாத கையெழுத்தையும் கட்டுப்படுத்தும்! 2015இல் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிமன்றம் இதை ஏற்றும் கொண்டது. விவகாரம் நாறிய பிறகுதான் 14.2 கோடி டாலர் கொடுத்து சமாதானம் ஆனீர்கள்.

வீட்டுக் கடன் பிரிவையும் பாராட்டாமல் விட்டால் அவர்கள் மனம் நோகும். கடன் கேட்டு வருபவருக்கு வட்டி விகிதத்தைச் சில வாரங்களுக்கு மாறாமல் பிடித்துவைப்பது வழக்கம். அதற்குள் காகித வேலை முடியாவிட்டால் நீட்டிப்புக் கட்டணம் உண்டு. தாமதம் தங்களால் என்றால் தாங்கள் கட்ட வேண்டும். தாங்களோ, தாமதித்ததும் நாமே, வசூலிப்பதும் நாமே என்று வாடிக்கையாளரிடமே வாங்கிக்கொண்டீர்கள். இதற்கும், ஏற்கெனவே காப்பீடு வைத்திருந்தவர்களின் கார்க் கடனில் இன்னொரு காப்பீட்டை ஏற்றியதற்கும் சேர்த்து, 2018 ஏப்ரலில் 100 கோடி டாலர் அபராதம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு சேதி. தவணை கட்ட முடியாமல் திணறியவர்களின் கடனைச் சீரமைக்கலாமா என்று பார்க்கும் கணினிக் கருவியில் ஏதோ கணக்குப் பிழையாம். சலுகைக்குத் தகுதியுள்ள சுமார் 625 பேர் தட்டிக்கழிக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 400 பேரின் வீடுகள் ஜப்தியாயின. தாங்கள் ஒதுக்கிய நிவாரணம் 80 லட்சம் டாலர். தலைக்குச் சராசரி 12,800. நவம்பரில் மறுபடி எண்ணியதில் 870 பேர், 545 வீடுகள் என்று திருத்தம் வந்தது. தங்கள் கருவிகள் எப்போது பிழை செய்தாலும், அந்தப் பிழை தவறாமல் எதிர்த் தரப்பிலேயே போய் விழுகிறது. எண்ணிக்கை குறைந்ததாக ஒரு திருத்தம்கூட இதுவரை என் கண்ணில் படவில்லை.

2020இல் 300 கோடி டாலர், 2022 டிசம்பரில் வீட்டுக் கடன், கார்க் கடன், வைப்புக் கணக்கு எல்லாவற்றுக்குமாக 370 கோடி டாலர் என்று பட்டியல் நீள்கிறது. ஆகவே ஒரு யோசனை. இவற்றை அபராதம், இழப்பீடு என்று சொல்வதை விட்டுவிட்டு, கிளை வாசலிலேயே விலைப்பட்டியலாக மாட்டிவிடுங்கள். கேட்காத கார்டுக்கு இவ்வளவு, பறிபோன வீட்டுக்கு இவ்வளவு. உள்ளே வருபவன் தன் விலை தெரிந்து வருவான்.

தங்கள் வளர்ச்சிக்கு 2018இல் அமெரிக்க மத்திய வங்கி பூட்டிய பூட்டு 2025 ஜூனில் திறக்கப்பட்டது. அந்த மகிழ்ச்சியில் முழுநேர ஊழியர் ஒவ்வொருவருக்கும் 2,000 டாலர் வழங்கினீர்கள். வாழ்த்துகள். இந்த நல்ல நேரத்தில் ஒரே ஒரு கோரிக்கை. அந்தக் கணினிக் கருவியைச் சரிபார்த்திருக்க வேண்டியவர் யார்? அவர் பெயர், பதவி, இன்று எங்கே இருக்கிறார் என்பதை அந்த 545 குடும்பங்களுக்கும் எழுதித் தெரிவியுங்கள். கிளை கிளையாகச் சலித்து 5,300 பேரைக் கண்டுபிடித்த நிறுவனத்துக்கு, தலைமை அலுவலகத்தில் ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமா?

இப்படிக்கு,
வட்டி கட்டியே வயசான ஒருவன்